பூட்டிய பீப்பா

வாப்பா,

பெருநாளுக்காக மாமி வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறார்கள். ஈரச் சுவரில் தெரியாமல் கையை ஊன்றிவிட்டேன். கழுவுவதற்கு அள்ளிய தண்ணீரைக் கிணற்றடியிலேயே விட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கடைசியாக நான் பார்த்தபோது உங்கள் உள்ளங்கைகளும் இப்படித்தான் வெளுத்திருந்தன.

ஐம்பத்தேழாம் வருடத்து வெள்ளத்தில் உம்மாவின் சீதன வீடு சரிந்தது. உம்மா மவுத்தாகி, அடக்கி அப்போது இரண்டு வருடம். நம் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை பெண் கட்டிய இடத்துக்குப் போய்விட வேண்டும். உங்களுக்கு மகள் இல்லை. மகன்மார் மூன்று பேரும் மூன்று பெண் வீடுகளில் சோறு தின்றுகொண்டிருந்தோம்.

"மருமகள்ர வீட்டுல நான் எப்பிடி மகன் கிடக்கிற? ஊர் சிரிக்கும்" என்றீர்கள். நானும் தலையாட்டினேன். மாமியிடம் வாய் திறந்து ஒன்று கேட்பது மருமகனுக்கு மரியாதைக் குறைவாம். உங்கள் மானத்தையும் என் மானத்தையும் காப்பாற்றுவதற்காக உங்களை மட்டக்களப்புப் பக்கம் ஒரு வயோதிபர் மடத்தில் கொண்டுபோய் விட்டேன்.

குறை சொல்ல முடியாத மடம். இரும்புக் கட்டில், வேளைக்குச் சோறு, வெள்ளை விரிப்பு. பார்க்க வந்த பெரிய மனிதர்கள் எல்லாம் மெச்சிவிட்டுப் போனார்களாம். பின்னேரம் அசர் தொழுகை கழிந்ததும் தண்ணீர்ப் பீப்பாவுக்குப் பூட்டு விழும் என்பதை அவர்களுக்கு யார் சொன்னது? கிழவர்கள் தண்ணீர் குடித்தால் படுக்கையை நனைத்துவிடுவார்களாம். விரிப்புத் துவைக்கிற வேலை கூடிவிடுமாம்.

ஒரு நாள் பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம் வந்தேன். நீங்கள் வெள்ளையடித்த சுவரில் இரண்டு கைகளையும் அடித்து முகத்தைத் தடவிக்கொண்டிருந்தீர்கள். தயம்மும் செய்கிறீர்கள் என்று விளங்கவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தொழுகைக்கு முன் கை முகம் கழுவப் பாலைவனத்தில் தண்ணீர் கிடைக்காதவனுக்குச் சொன்ன சலுகை அது. ஆயுள் முழுக்கக் கடலில் நின்று கரைவலை இழுத்த மனிதர், பத்தடி தூரத்தில் பீப்பா நிறையத் தண்ணீர் இருக்க, அதைச் செய்தீர்கள்.

"தொழுகைக்கு இந்தத் தூசி காணும் மகன். தாகத்துக்குத் தூசியத் தின்ன ஏலாதே" என்று சிரித்தீர்கள். 

மேற்பார்வையாளனிடம் போய்ப் பீப்பாவைத் திறந்துவைக்கச் சொன்னேன். "ஒரு ஆளுக்காகச் சட்டத்த மாத்த ஏலா. எல்லாரும் எவ்வளவு துப்பரவா இரிக்காங்க எண்டு பாருங்க" என்றான். அவனை நான் அடித்திருக்க வேண்டும். சலாம் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த மாதமே போய்விட்டீர்கள். பக்கத்துக் கட்டிலில் கிடந்த பொத்துவில் ஊர்க் கிழவர், எல்லாரும் காக்கா என்று கூப்பிடுகிறவர், அவர்தான் சொன்னார். விடியற்காலை, சுபஹுக்கு முன் தண்ணீர் கேட்டீர்களாம். பூட்டைத் திறக்க ஆள் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். சகராத்தில், உயிர் பிரிகிற நேரத்தில் கிடக்கிறவனின் வாயில் எதிரி கூட ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவானே வாப்பா.

நாற்பதாம் நாள் கத்தம் இந்த வீட்டில்தான் ஓதினோம். ஆட்கள் கலைந்த பிறகு மாமி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார்: "நெல்லறை சும்மாதானே கிடந்த மருமகன்? வாப்பாவ ஏன் இஞ்ச கூட்டி வரல்ல? நீங்களாக் கேக்காம நாங்க எப்பிடிக் கதைக்கிற எண்டு இருந்திட்டம்."

 மேற்பார்வையாளனை இத்தனை நாள் ஏசியது எனக்கு வசதியாக இருந்தது.

இன்று வெள்ளை அடிப்பது அந்த நெல்லறைக்குத்தான். பொத்துவில் காக்கா இன்னும் அந்த மடத்தில்தான் கிடக்கிறார், அவருக்கும் யாருமில்லை. சுவரில் ஊன்றிய கையோடு போய், கலியாணம் முடித்து இத்தனை வருடத்தில் முதல் தடவையாக மாமியிடம் ஒன்று கேட்டேன். அந்த அறையை அவருக்குத் தருவீர்களா என்று.

மாமி கையிலிருந்த முறத்தைக் கூடக் கீழே வைக்கவில்லை. "ஓம் மருமகன், நாளைக்கே கூட்டி வாங்க" என்றார்.

இவ்வளவுதான் வாப்பா. கேட்பதற்கு இவ்வளவு நேரம்தான் எடுத்தது.