பெருங்காய டப்பாவில் வந்த கரி

பெருந்துறை
12.8.1996

அன்பு அக்கா,

இதை யாருக்கும் காட்டாதே. விடுதியில் உன் அறைத்தோழிக்கும் வேண்டாம். படித்ததும் கிழித்துவிடு. நிச்சயமான கல்யாணத்தை விட்டு நீ சென்னைக்கு ஆராய்ச்சிக்குப் போனதிலிருந்து, இரண்டு வருஷமாக அப்பா உன் பெயரையே எடுப்பதில்லை. நான் எழுதுவது தெரிந்தால் என் படிப்பும் பன்னிரண்டோடு நின்றுவிடும்.

நீ கேட்ட கரியை அனுப்பியிருக்கிறேன். நம் தேங்காய்த் தொட்டிக்கரியை, அதான் கொட்டாங்குச்சிக் கரியை, ஆலையில் நீராவியில் சுட்டு, மாதிரிக்கு ஒரு மூட்டை கொடுத்தார்கள். அதிலிருந்து எடுத்து, அம்மாவின் காலி டப்பாவில் அடைத்தேன். கரிக்குள் அப்படி என்னதான் தேடுகிறாய்? பதிலை என் வகுப்புச் சபுரா வீட்டுக்கே போடு.

கோகிலா

சென்னை
25.8.1996

கோகிலாக் கண்ணு,

கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் கோடி. வாயுவை உள்ளே விட்டால் துளைச் சுவர்களில் போய் ஒட்டிக்கொள்ளும். கரி நிரப்பிய சிலிண்டரில் குறைந்த அழுத்தத்திலேயே நிறைய மீத்தேனைச் சேர்க்கலாம். எவ்வளவு என்று அளப்பதுதான் என் வேலை.

ஆனால் நீ அனுப்பியது பெருங்காய டப்பா! வருகிற வழியிலேயே கரி வாசத்தை இழுத்துத் துளைகளை நிரப்பிக்கொண்டது. மீத்தேன் அளவு குறைவாக வந்தது. "இது ஆய்வகமா, ரசம் வைக்கிற இடமா?" என்று பேராசிரியர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூடியைத் திறந்ததும் நம் அடுக்களையில் நின்றேன்.

கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் அனுப்பு. ஊருக்கு எப்போது வருவாய் என்று கேட்காதே. அப்பா கைப்பட ஒரு வரி எழுதட்டும், அன்றைக்கே பஸ் ஏறுகிறேன். அதுவரை எந்த முகத்தோடு வருவது?

மோகனப்பிரியா

பெருந்துறை
3.9.1996

அன்பு அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். எழுத்தைப் பொறுத்துக்கொள்.

சாயங்காலம் கொட்டகையில் பாட்டிலில் கரி அள்ளும்போது அப்பா பின்னால் வந்து நின்றார்.

"ஏனம்மணி, கரியில என்ன பண்ற?"

"கெமிஸ்ட்ரி பரீட்சைக்குங்கப்பா."

பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "கழுவுன ஈரம் போகவே இல்ல. இந்தக் கரி ஈரத்தக் குடிச்சுப்போடும், அப்பறம் ஒண்ணுத்துக்கும் ஆகாது." கரியைக் கொட்டிவிட்டு, பாட்டிலை அடுப்புமேட்டில் காயவைத்து, தானே சலித்து நிரப்பினார். மூடியை இறுக்கிக்கொண்டே, "அவ்வளவு தூரம் போறதுக்குள்ள ஒடைஞ்சரப் போவுது. துணியச் சுத்து" என்றார்.

பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம்தானே, அக்கா? அப்பாவுக்குத் தெரிந்துவிட்டதா? நாளைக்குப் பள்ளிக்கு அனுப்புவாரா? நீ இருந்தால் உன் பக்கத்தில் படுத்துக்கொள்—

கதவு தட்டுகிறது. அப்பாதான்.

"எழுதி முடிச்சயா அம்மணி? அந்தப் பேனாவக் கொஞ்சம் குடு—