அப்பாவின் நாற்பத்தொன்று

மகனே,

சனிக்கிழமை கார் பந்தயத்துக்குப் போயிருந்தேன். உன் அப்பாவின் நாற்பத்தொன்றாம் எண்ணைக் கதவில் எழுதிக்கொண்டு கர்ட்டிஸ் ஓட்டினான். பந்தயத்தில் அப்பாவின் காரைத் தடத்துச் சுவரில் மோதவைத்து அவர் இடுப்பை உடைத்த அதே கர்ட்டிஸ். வீட்டார் கொடுக்காமல் இறந்துபோனவர் எண்ணை இங்கே யாரும் தொடமாட்டார்கள். நீ கொடுத்திருக்கிறாய், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

இத்தனை வருடம் என்னோடு சேர்ந்து அவனைத் திட்டிய கூட்டம், அந்த எண்ணுக்காக எழுந்து கைதட்டியது.

“என்னடி உக்காந்திருக்க? உன் புருஷன் நம்பர் ஜெயிக்குது!” என்று பக்கத்திலிருந்த வெர்னா வாய் நிறைய வேர்க்கடலையோடு கத்தினாள்.

“உள்ள யாருன்னு பாருடி, குருட்டுக் கழுதை!”

பிறகு நானும் எழுந்தேன். கைதட்ட இல்லை, அந்த எண்ணைப் பார்த்துத் தொண்டை கிழிய ஊளையிட்டேன். அப்பா ஓட்டியவரை அந்த எண்ணுக்கு நான் கைதட்டாத நாளில்லை. என்னை ஊளையிட வைத்தவன் நீ.

இன்னமும் உன் அம்மாதான்.