நங்கூரமிட்ட கப்பல்களின் ஆட்டம்

துபாய், செவ்வாய்க்கிழமை

அப்பாவுக்கு ராமியின் சலாம். உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? அம்மாவின் சர்க்கரை இறங்கியதா? நான் நலம். போனில் பேசினால் அம்மா பிடுங்கி "சாப்பிட்டியா?" என்பதோடு முடித்துவிடுகிறாள். அதனால்தான் கடிதம்.

கடிதம் என்றதும் பயப்பட ஒன்றுமில்லை; வேலையில் ஒரு சின்னச் சிக்கல், அவ்வளவுதான். எல்லா ஊர்த் துறைமுகக் கப்பல்களையும் அந்தந்த நேரத்திலேயே காட்டும்படி நாங்கள் செய்யும் முப்பரிமாண வரைபடத்தை இங்குள்ள துறைமுக அதிகாரிக்குக் காட்டினோம். நங்கூரமிட்டு நின்ற கப்பல்களின் சின்னங்களெல்லாம் திரையில் பம்பரமாகச் சுற்றின. "என்ன தம்பி, கப்பலுக்கெல்லாம் கல்யாணமா? இந்த ஆட்டம் ஆடுது!" என்று அவர் சிரித்தார். எங்கள் மேலாளர் கஸ்ஸான் சிரிக்கவில்லை. "இது நிக்கிற வரைக்கும் பெருநாள் லீவுன்னு எங்கிட்ட வராதே" என்றார்.

மூன்று வாரம் வரைபடத்தின் பார்வைக் கோணத்தில்தான் தப்பு என்று அதையே நோண்டிக்கொண்டிருந்தேன். சுத்த முட்டாள்தனம். கப்பல் நகரும் திசைக்குச் சின்னத்தைத் திருப்பியிருந்தோம். நிற்கிற கப்பலுக்கு ஏது அந்தத் திசை? கப்பல் இருக்கும் இடத்தைச் சொல்லும் செயற்கைக்கோள் கணக்கு ஓரடி பிசகினாலும் சின்னம் திரும்பிவிடும். போர்ட் சயீதில் இழுவைப் படகு ஓட்டுகிறவரின் மகனுக்கு இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். இப்போது கப்பலின் திசைகாட்டி சொல்வதையே எடுக்கிறேன்.

சரிபார்க்க ஓர் உதவி வேண்டும். தினமும் நாலு மணிக்குப் படகைக் கட்டியதும், அதன் மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று போனில் சொல்லுங்கள். நான் திரையில் உங்கள் படகைத் திறந்து வைத்திருப்பேன். அங்கே அம்மா போனைப் பிடுங்கவும் முடியாது.

சோதனைக்கு இரண்டு நாள் போதும். ஆனாலும் பெருநாளுக்கு ஊருக்கு வர நான் விமானம் ஏறுகிற வரைக்கும் தினமும் சொல்லுங்கள்.

கஸ்ஸான் கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.

ராமி