சிமெண்டுக்கு அடியில் ஒன்பது படிகள்

மார்ச் 4
இன்று கால்வாயை அளக்க ஒரு பொறியாளர் அம்மா வந்தார். கையில் டேப், காலில் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். என் இரும்புக்கடைக் கிடங்கின் பின்சுவரைத் தொட்டுப் பார்த்து, "ரொம்ப உறுதியா கட்டியிருக்கீங்க ஐயா" என்றார். காரியமில்லாமல் அடுத்தவன் சுவரை எவர் புகழ்வார்?

இருநூறு வருஷத்துக் கால்வாய். குப்பை கொட்டியபோது கேட்க நாதியில்லை. இப்போது தூர் வாரிப் படகு விடுவார்களாம், கரையில் பாட்டு, நாடகம், படிப்பகமாம். நம்புகிறவன் நம்பட்டும்.

மார்ச் 7
இங்கேயாவது உண்மையை எழுதிவைக்கிறேன். கிடங்கின் கடைசிப் பன்னிரண்டு அடி என்னுடையதல்ல. பழைய படித்துறை. நாற்றத்தில் யாரும் அந்தப் பக்கம் வராத காலத்தில், ஒன்பது படிகளையும் கல்லும் மண்ணும் கொட்டி மூடித் தளம் போட்டேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அது போனால் சிமெண்ட் வைக்க இடமில்லை. அதைவிட, 'ஆணியைத் தலையில் சுமந்து விற்று முன்னுக்கு வந்தவர்' என்கிற வாயே 'வளைச்சுப் போட்டவர்' என்று சொல்லும்.

மார்ச் 12
டேப்பம்மா (அப்படித்தான் பேர் வைத்திருக்கிறேன்) மறுபடியும். "உள்ள ஒரு தடவை பாக்கலாமா ஐயா?"

"சரக்கு அடைச்சிருக்கு. நாளைக்கு வாங்க."

அவர் போனதும் அந்தத் தளம் முழுக்க நாற்பது மூட்டை சிமெண்டை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வரிசை அடுக்கச் சொன்னேன். இனி தட்டிப் பார்க்கக்கூட இடமில்லை.

மார்ச் 13
வரவில்லை. ஏன் வரவில்லை?

மார்ச் 19
கால்வாய்க் கூட்டத்துக்கு மனைவியை வேவு பார்க்க அனுப்பினேன். திரும்பி வந்தவள் முகமெல்லாம் சிரிப்பு. ஒவ்வொரு தெருவும் தன் கரையைத் தானே பார்த்துக்கொள்ளணுமாம். எதிர்க்கரைத் தையல்காரர் வாரம் ஒருநாள் தன் பக்கத்துப் படியில் பாட்டு வைக்கிறாராம்.

"நம்ம தெருவுக்கு யாருன்னு கேட்டாங்க. எல்லாரும் என்னையே பாத்தாங்க" என்றாள்.

எதற்குப் பார்த்தார்கள்? தெரிந்துபோச்சா?

"உங்க நிழலையே நீங்க ரெண்டு தடவை திரும்பிப் பாக்குற ஆளு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மார்ச் 23
மதகைத் திறந்து கால்வாயில் தண்ணீர் விட்டார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. நான் கடையைவிட்டு நகரவில்லை.

மார்ச் 30
போச்சு. ஒரு மேஸ்திரிக்கு எடுத்துக் கொடுக்கப் போனால் கீழ்வரிசை இருபது மூட்டையும் கல். தளத்துக்கு அடியிலிருந்து ஈரம் ஏறியிருக்கிறது. "கீழ பலகை போட்டு அடுக்குங்க"ன்னு வாங்குறவன் ஒவ்வொருத்தனுக்கும் நான்தானே சொல்றேன்! நானே வெறுந்தரையில அடுக்கியிருக்கேனே — எந்தப் புத்தியில?

அந்த நேரம் பார்த்து டேப்பம்மா. கதவு திறந்துகிடந்தது. மூட்டையைத் தட்டினார். டொக்கென்றது.

"பலகை போடலையா ஐயா?" சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. என் மனைவி அடக்கப் பார்க்கவே இல்லை.

"எதிர்க்கரையில ஒன்பது படி இருக்கு, இங்க மட்டும் சுவர். முதல் நாளே தெரியும். நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன்" என்றார் டேப்பம்மா.

"இடிக்க உத்தரவு வாங்கியாச்சா?"

"இடிக்கறது ஒருநாள் வேலை. அப்புறம் படியைப் பாத்துக்க ஆள் வேணுமே ஐயா. உங்க சந்துலதான் லாரி நுழையாதே, சரக்கு படகுல வந்தா வேண்டாம்பீங்களா?"

இதில் என்ன கண்ணி?

ஏப்ரல் 3
டேப்பம்மா எழுதிக் கொண்டுவந்த ஒப்பந்தக் காகிதத்தை மனைவி ஒருமுறை படித்தாள், நான் நான்குமுறை. பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். வெறும் தாள்தான்.

ஏப்ரல் 6
கையெழுத்துப் போட்டேன். பன்னிரண்டு அடியும் ஒன்பது படிகளும் ஊருக்கு. தளத்தை உடைக்கும் செலவு என்னுடையது. கல்லான இருபது மூட்டையும் கரை அரிக்காமலிருக்க ஓரத்தில் அடுக்குவதற்கு. காலை எட்டு மணிவரை படித்துறை என் சரக்குப் படகுக்கு. ஒன்பது மணி கேட்டுப் பார்த்தேன், டேப்பம்மா எட்டைவிட்டு அசையவில்லை. அதன்பிறகு யாரும் உட்காரலாம், பாடலாம். எட்டைத் தாண்டி நின்றால் என் படகை அவிழ்த்துவிடும் அதிகாரம் எங்கள் தெருவின் கரைப் பொறுப்பாளருக்கு. அதாவது, என் மனைவிக்கு.