நாளைக்கு வரும் ரப்பர் வளையம்

அன்புள்ள ஷிஹோ,

இருமல் நின்றதா? நின்றுவிட்டது என்று மட்டும் எழுதினால் நம்ப மாட்டேன். டாக்டர் சொன்னதை அப்படியே எழுது. இங்கே டொயாமாவில் இடுப்பளவு பனி. நான் நலம்.

தொழிற்சாலையில் ஒரு சின்ன விஷயம், பயப்படாதே. பம்புக்குப் போடும் ரப்பர் வளையம் ஆறு வாரத்துக்குக் குறையாது என்று, சரக்கு இருப்பைக் கணிக்கும் மென்பொருள் தினமும் பச்சையாகவே காட்டியது. எனக்கென்னவோ சந்தேகம். கிடங்கில் போய்ப் பார்த்தால் இரண்டே பெட்டிகள். வியாழக்கிழமை உற்பத்தியே நின்றுவிடும்.

கணக்கில் யாரோ கை வைக்கிறார்கள் என்று நேற்று எல்லோருக்கும் முன்பே போய் உட்கார்ந்தேன். எனக்குக் கீழே வேலை பார்க்கும் குவபாரா வந்தான். கணினியில், வராத சரக்கு வந்துசேரும் தேதியை அழித்து, நாளைய தேதியைப் போட்டான்.

"என்னப்பா இது?"

"பனியில லாரி மாட்டிக்கிச்சு சார். சிவப்பு காட்டினா காலைக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் தலை குனிஞ்சு மன்னிப்புக் கேக்கணும். எப்படியும் நாளைக்கு வந்துடும்னுதான்..."

"எத்தனை நாளா நாளைக்கு?"

"பதினோரு நாளா சார்."

திட்ட வாயெடுத்தவன், ஒசாகா கிளைக்குப் போன் போட்டேன். இன்று கூட்டத்தில் நானே தலை குனிந்தேன். அங்கிருந்து ரயிலில் வளையம் வருகிறது.

சட்டைக்கு இரண்டு வெள்ளைப் பொத்தான் அனுப்பு. உன் அம்மா போட்ட உமெபோஷி ஊறுகாயும் கொஞ்சம். தனியாகச் சாப்பிட்டால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

போன மூன்று கடிதத்திலும் 'அடுத்த மாதம் வந்துவிடுவேன்' என்று எழுதினேன். காலண்டரில் நீ போட்ட வட்டத்தை அழித்துவிடு. டிக்கெட் கைக்கு வந்த பிறகு தேதி எழுதுகிறேன். வேலைக்கு மணி அடித்துவிட்டது.

தலை குனிந்தபடி,
கெய்ஜி