இக்கரையின் பச்சைப் புள்ளி

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், ஆறும் நலம், உன் அப்பா மட்டும் உர்ரென்று உட்கார்ந்திருக்கிறார். அங்கே நீ எப்படி இருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்பாய், அவர் பக்கத்து அறையில் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கும்போது போனில் எதைச் சொல்ல முடியும், அதனால்தான் கடிதம்.

எல்லாம் உன் அலுவலகத்திலிருந்து வந்த ஓலையால் வந்த வினை. உலகத்து ஆறுகளின் நீர்மட்டத்தையெல்லாம் ஒரே இடத்தில் சேர்க்கிற பெரிய வேலைதான், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் பெற்ற தகப்பனுக்கு "மதிப்பிற்குரிய நிலையப் பொறுப்பாளர் அவர்களுக்கு" என்று எழுதி, கீழே உன் கையெழுத்தையும் போட்டு அனுப்புவாயா? ஒரே ஆறு, எதிர்க்கரையில் அப்படியே இருக்கும்போது உங்கள் கரையில் மட்டும் போன வாரம் ஒரு சாண் இறங்கியது எப்படி, தகுந்த விளக்கம் வராவிட்டால் நிலையம் பட்டியலிலிருந்து நீக்கப்படும் என்று எழுதியிருந்தாய். அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். பெத்த பொண்ணு எனக்கே நோட்டீஸ் விட்டுட்டா என்று தபால்காரர் முதல் தையல்காரர் வரை எல்லோரிடமும் காட்டிவிட்டார். காட்டும்போதே, ஆனா எவ்வளவு தெளிவா எழுதியிருக்கா பாருங்க என்ற பெருமையும் கூடவே வந்தது. வீட்டுக்குள் வந்ததும்தான் முகம் விழுந்துவிட்டது. நிலையம் போய்விட்டால் அப்புறம் நான் எதுக்கு என்று கேட்டார்.

நடந்ததை நான் சொல்கிறேன். தினமும் காலையில் அளவெடுக்க இறங்குகிற ஆற்றுப் படியில் அப்பா பாசி வழுக்கி விழுந்துவிட்டார். கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது, எலும்பு முறியவில்லை, காலை ஊன்றக்கூடாது என்று டாக்டர் கட்டுப்போட்டு அனுப்பினார். உன்னிடம் மூச்சுவிடக்கூடாது என்று எனக்கு உத்தரவு. ஏன் தெரியுமா? போன விடுமுறைக்கு வந்தபோது நீ ஒரு வார்த்தை சொன்னாய். "என் திரையில உலகம் பூரா புள்ளி புள்ளியா இருக்கும்ப்பா, காலையில போனதும் உங்க புள்ளியைத்தான் முதல்ல பாப்பேன், பச்சையா இருந்தா நீங்க படி இறங்கி ஏறிட்டீங்கன்னு நிம்மதி." நீ சொல்லிவிட்டுப் போய்விட்டாய், அவர் அதைப் பிடித்துக்கொண்டார். அளவு போகாமல் புள்ளி சாம்பல் நிறமானால் புள்ள பயந்துடும் என்று, நொண்டிக்கொண்டே மாடி ஜன்னலுக்குப் போய் பைனாகுலரை எடுத்துவிட்டார். அங்கிருந்து பார்த்தால் நம் அளவுக் கம்பம் படிச்சுவருக்குப் பின்னால் மறைந்துவிடும், எதிர்க்கரைக் கம்பம்தான் பளிச்சென்று தெரியும். அதைப் பார்த்து எழுதி அனுப்பியிருக்கிறார்.

எதிர்க்கரை வேறு நாடு, அங்கே அளவெடுப்பவர் மீசைக்காரர், உனக்குத் தெரியும். அவருக்கும் அப்பாவுக்கும் இத்தனை காலமாகப் பேச்சுவார்த்தை இல்லை, காரணம் ஒரு பூஜ்யம். நம் கம்பத்தின் பூஜ்யம் அவர்களுடையதைவிட ஒரு சாண் கீழே இருக்கிறது, அதனால் அதே தண்ணீர் நம் பக்கம் எப்போதும் ஒரு சாண் கூடுதலாகக் காட்டும். நம்ம பூஜ்யம்தான் பூஜ்யம், அவன் பூஜ்யம் அந்தரத்துல தொங்குது என்பார் அப்பா. ஊர் உலகத்தில் சொத்துக்குச் சண்டை போடுவார்கள், இவர்கள் ஒன்றுமில்லாததற்குச் சண்டை போட்டார்கள். அவ்வளவு சண்டை போட்ட மனிதர், அவசரத்தில் அந்த ஒரு சாணைக் கூட்ட மறந்துவிட்டார். மாட்டிக்கொண்டது அப்படித்தான்.

ஓலை வந்த மறுநாள் வேடிக்கையைக் கேள். நம் படியில் ஆளைக் காணோமே என்று மீசைக்காரர் தேடியிருப்பார் போல, ஜன்னலில் பைனாகுலர் மின்னியதைப் பார்த்துவிட்டார். ஒரு கரும்பலகையில் அன்றைய அளவைப் பெரிதாக எழுதி நம் வீட்டைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தார். அப்பா ஜன்னலைப் படாரென்று சாத்தினார். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகத் திறந்தார். மீசைக்காரர் அங்கேயே நின்று, நம் வெறும் படியைச் சுட்டிக்காட்டிக் கையை விரித்து என்ன ஆச்சு என்று கேட்டார். இவர் கைத்தடியைத் தூக்கிக் காட்டினார். உங்களுக்கு அனுப்புகிற கணக்கை ஒருவருக்கொருவர் யார் முதலில் கொடுப்பது என்று இரண்டு நாட்டு அதிகாரிகளும் வருஷா வருஷம் குளுகுளு அறையில் உட்கார்ந்து நீங்கள் முதலில், நீங்கள் முதலில் என்று பிஸ்கட் தின்கிறார்களாமே, அவர்களுக்கு ஒரு கரும்பலகை வாங்கிக்கொடு.

ஆனாலும் விளக்கம் எழுத மாட்டேன் என்று அப்பாவுக்குப் பிடிவாதம், எழுதினால் கால் விஷயம் உனக்குத் தெரிந்துவிடுமே. சரி, நீங்க எழுத வேண்டாம், நான் படி இறங்குறேன் என்று கிளம்பிவிட்டேன். கம்பியைப் பிடித்து இறங்கினால் மேலிருந்து ஒரே அதட்டல், குனிஞ்சு பாரு, நிமிந்து பாத்தா தப்பா தெரியும் என்று. எதிர்க்கரையில் மீசைக்காரர் தொப்பியைக் கழற்றி வணக்கம் வைத்துவிட்டுப் பலகையைக் காட்டினார், ஒப்பிட்டுப் பார்த்தால் சரியாக ஒரு சாண் வித்தியாசம். அப்பாவுக்கு வீக்கமே பாதி வடிந்துவிட்டது.

ஆகவே உன் விளக்கம் இதுதான், குற்றம் ஆற்றில் இல்லை, காலில். அந்த வாரத்து எண்களை அடித்துவிடு, அவை மீசைக்காரருடையவை. நிலையத்தை மட்டும் எடுத்துவிடாதே, கெஞ்சிக் கேட்கிறேன். இன்று காலை உன் திரையில் பச்சையாக ஒரு புள்ளியைப் பார்த்து அப்பா நலம் என்று நிம்மதியாக இருந்திருப்பாய், அது நான். அந்தப் புள்ளி வந்த பிறகு உன் போன் குறைந்துவிட்டது, எனக்கு அதில் வருத்தம்தான். புள்ளி பச்சையாக இருந்தால் ஆறு நலம் என்று வைத்துக்கொள். நாங்கள் நலமா என்று தெரிய வேண்டுமானால் நீதான் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

நீயும் உன் வேலையும் நீடூழி நன்றாக இருக்க வேண்டும். கூப்பிடும்போது முதலில் கால் எப்படி என்று அப்பாவிடம் கேள், தண்ணீரை அப்புறம் கேட்கலாம்.

இப்படிக்கு,
இக்கரை நிலையத்தின் தற்காலிகப் பொறுப்பாளர்,
உன் அம்மா.