ஐ.ஈ. போட்ட மனு

செவ்வாய், ஐப்பசி 4

காலையிலிருந்தே தூறல். டைப்ரைட்டருக்குக் குடை, எனக்குத் துண்டு. தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுத வந்தவர்கள் இரண்டே பேர்.

மூன்றாவதாகச் சானமாவுக் காட்டோரத்து முனியப்பா. காட்டில் விறகும் புல்லும் எடுக்க அனுமதி கேட்டுப் போன மாதம் அவனுக்கு இங்கிலீஷில் மனு எழுதியது நான்தான். அனுமதியும் வந்தது. ஆனால் முந்தாநாள் அவன் மனைவியைக் காட்டிலாகா கார்டு மறித்து, புல்லுக்கட்டையும் அரிவாளையும் பிடுங்கிக்கொண்டானாம்.

"விறகுக்கு மட்டுந்தான் பர்மிட்டாம் சாமி. மாடு வெறும் வாயை மெல்லுது."

"அந்த ஆபீஸ்ல எவனுக்கு இங்கிலீஷ் தெரியும்? நான் பார்த்துக்கறேன் போ." ஜம்பம்!

புதன் 5

வெயில் எட்டிப் பார்த்தது. காட்டிலாகா ஆபீஸ். குமாஸ்தா ராமண்ணா (வாய் நிறைய வெற்றிலை) என் மனுவையே எடுத்து நீட்டினார். 'காட்டு விளைபொருள்கள், ஐ.ஈ. விறகு.' என் டைப்தான்.

"ஐ.ஈ.ன்னா 'அதாவது' ஓய். விறகு மட்டும்னு நீரே வேலி கட்டிட்டீர். 'உதாரணமா'ன்னு சொல்ல ஈ.ஜி. போடணும் மாராயா!"

இருபது வருஷமாக இரண்டும் ஒன்றென்று நினைத்துக் கறிவேப்பிலை மாதிரி தூவி வந்திருக்கிறேன். எத்தனை மனுக்கள்... எண்ண வேண்டாம்.

வீட்டில் சொன்னேன். "விறகும் புல்லும்னு எழுதினா கை சுளுக்கிக்குமா?" என்றாள் மனைவி.

மறக்காமலிருக்க:
ஐ.ஈ. – அதாவது. சொன்னதோடு சரி. கதவு சாத்தியாயிற்று.
ஈ.ஜி. – உதாரணமாக. இன்னும் ஆள் வரலாம். கதவு திறந்திருக்கும்.
ஈ.ஜி. போட்டால் கடைசியில் எட்செட்ரா வால் வேண்டாம்.

வெள்ளி 7

மழை. வேலை இல்லை. ஐ.ஈ., ஈ.ஜி. இரண்டும் லத்தீன். பழியை அதன் மேல் போட்டுப் பார்த்தேன், நிற்கவில்லை. கைநாட்டு வாங்குமுன் மனுவை அவரவர் பாஷையில் படித்துக் காட்டுவது எங்கள் வாசல் வழக்கம். முனியப்பாவுக்கு அன்று படிக்கவில்லை. ஒரு பெரிய மனிதர் வீட்டுச் சமையற்காரன் ஓடிப்போன கதையைப் பக்கத்து டைப்ரைட்டர்காரருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். சுவையான கட்டம். "வை கட்டைவிரலை" என்றுவிட்டேன். படித்திருந்தால் "புல்லு எங்க சாமி?" என்று அவனே கேட்டிருப்பான்.

திங்கள் 10

பனி. முனியப்பா வந்தான். புது மனு தயார், லத்தீன் ஒரு பொட்டுக்கூட இல்லை. தெலுங்கில் வரிவரியாகப் படித்தேன். விறகு என்றதும் தலையாட்டினான். புல் என்றதும் கையைத் தூக்கினான்.

"அந்த வரிய அடிச்சிடுங்க சாமி."

"ஏம்ப்பா? அதுக்குத்தானே இவ்வளவும்!"

"மாட்டைத் தளி ஊர்ல இருக்கற தங்கச்சி வீட்டுக்கு ஓட்டியாச்சு. அங்க புல்லு கெடக்குது. எம் பொண்டாட்டிதான் பாதி வழி கூடவே போயிட்டு வந்தா."

"திரும்ப ஓட்டிட்டு வரலாமே."

"தங்கச்சிக்குக் குடுத்ததை எப்பிடிங்க திருப்பிக் கேக்கறது?"

அடித்தேன். அடித்ததையும் படித்துக் காட்டிவிட்டுத்தான் கைநாட்டு வாங்கினேன்.